ரேஸ் கொடுக்காமலே நகரும் வண்டி

வடக்கு மானிடோபா, கனடா
8 டிசம்பர் 2024

வேல்விழி,

போனில் பேச வேண்டாம், சொல்வதை மெயிலில் எழுது என்றாய். எழுதினால் நான் கத்த முடியாது என்றும் சொன்னாய். மூன்று வாரமாக எழுதவில்லை. கத்தாமல் எழுதுவதற்கு ஒரு விஷயம் வேண்டுமே. இப்போது கிடைத்திருக்கிறது.

வண்டி வாங்கியிருக்கிறேன். ஸ்னோமொபைல். பனிமேல் ஓடுவது. பைக்கில் இருப்பது போல ஹேண்டில், சீட் எல்லாம் உண்டு. முன்சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் ஒரு அகலமான ரப்பர் பட்டை. அது சுற்றினால் வண்டி போகும். 1997 மாடல். டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், இரண்டு கார்பரேட்டர். கியர் கிடையாது. உன் ஷெட்டுக்கு வரும் ஸ்கூட்டர்களைப் போலவே பெல்ட்டில் ஓடுகிறது.

நான் வேலை பார்க்கும் கடை ஏரிக்கு இந்தப் பக்கம். நமக்கு எடுத்திருக்கும் வீடு அந்தப் பக்கம். சிறிய வீடு. சமையலறை ஜன்னலிலிருந்து ஏரி முழுக்கத் தெரியும். நீ அந்த ஜன்னலில் நின்றால் நான் வருவது புள்ளியாகத் தெரியத் தொடங்கும். ஏரி உறைந்துவிட்டது. பிப்ரவரியில் நீ வந்தால் விமானத்திலிருந்து வீட்டுக்கு இந்த வண்டிதான்.

கோளாறு இது. ஸ்டார்ட் ஆகிறது. ஆனதும், ரேஸ் கொடுக்காமலே நகரத் தொடங்குகிறது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது. ரேஸ் கொடுத்தால் இருமுகிறது, திணறுகிறது, பிறகு திடீரென்று பாய்கிறது. கிளட்ச் விடமாட்டேன் என்கிறது.

அறையில் என்னோடு இருக்கும் சிஹாபுதீன் கடையநல்லூர்க்காரன். "வே, உம்ம பொண்டாட்டி வண்டி ரிப்பேர் பாக்குதவதான. கேட்டுத் தொலையும். தெனமும் நாந்தான் தள்ளுதேன்" என்கிறான்.

நவம்பரில் உன் ஷெட்டை 'தகரக் கூரையும் ரெண்டு ஸ்பேனரும்' என்று சொன்னேன். அந்த இரண்டு ஸ்பேனரிடம்தான் கேட்கிறேன். இதை மன்னிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளாமலும் இருக்கலாம்.

இசக்கிராஜா


சங்கரன்கோவில்
10 டிசம்பர் 2024

ராஜா,

மன்னிப்பை வைக்க இடமில்லை. தகரக் கூரைதானே, ஒழுகும்.

வண்டியைப் பற்றி. கேட்பதற்கெல்லாம் பதில் எழுது. எழுதி, நான் திரும்ப எழுதும் வரை எதையும் கழற்றாதே. இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துப் பார். என்ன நிறம்? இரண்டும் ஒரே நிறமா? ரேஸ் கொடுத்துவிட்டுக் கையை எடுத்ததும் இன்ஜின் சத்தம் உடனே இறங்குகிறதா, கொஞ்ச நேரம் மேலேயே நின்றுவிட்டு இறங்குகிறதா? பெட்ரோல் எப்போது போட்டது? கோடை முழுக்க டாங்கில் கிடந்த பெட்ரோலா?

இங்கே ஒரு ஸ்கூட்டர் ரேஸ் கொடுக்காமல் ஐடிலில் நகர்ந்தால் பாதி நேரம் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கும். கிளட்சுக்குள் இருக்கும் மூன்று ஷூவும் சுருங்காமல் விரிந்தபடியே நிற்கும். கிளட்சைத் திறந்து ஸ்பிரிங் மாற்றினால் சரியாகிவிடும். உன்னுடையதும் அதுவாக இருக்கலாம். ஆனால் முதலில் பிளக்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தங்கப்பழம் அண்ணாச்சி வந்து நிற்கிறார். பனவடலிசத்திரத்திலிருந்து பூ மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் ஏழு மூட்டை ஏற்றி வந்து பெல்ட்டை அறுத்திருக்கிறார். யாருக்கு எழுதுகிறாய் என்றார். சொன்னேன். "ஏம்மா, ஒலகத்துக்கு அந்தப் பக்கம் கெடக்க வண்டிக்கு இங்கன இருந்து வைத்தியமா? என் வண்டி ஒன் காலுக்குக் கீழ கெடக்கு. அதப் பாரு மொதல்ல."

இன்னொன்று. 'பிப்ரவரியில் நீ வந்தால்' என்று எழுதியிருக்கிறாய். விசா வந்துவிட்டது என்று நான் சொன்னேன். வருகிறேன் என்று சொன்னதில்லை. விசா வந்தது அவர்கள் முடிவு.

வேல்விழி


15 டிசம்பர் 2024

வேல்விழி,

கழற்றிவிட்டேன்.

உன் கடிதத்தில் கிளட்சைத் திறந்து என்று இருந்தது. முதலில் பிளக் என்றும் இருந்தது. தெரியும். மைனஸ் முப்பத்தொன்றில் கையுறையோடு பிளக்கை எடுக்க முடியவில்லை. கிளட்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. சிஹாபுதீன் வேறு. "ஒரு நட்டக் கழத்தவும் சங்கரன்கோயில்ல இருந்து உத்தரவு வரணுமா வே?" என்றான்.

ஆறு போல்ட். கடைசிப் போல்ட் விட்டதும் மூடி எகிறி என் வாயில் அடித்தது. உள்ளே பெரிய ஸ்பிரிங் ஒன்று. உதடு கிழிந்தது. நீ சொன்ன மூன்று ஷூ அதில் இல்லை. எங்கேயும் இல்லை. ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. திரும்ப வைத்து அழுத்தி மூடினேன்.

அதற்குப் பிறகு வண்டி உதறுகிறது. ஹேண்டிலைப் பிடித்தால் பல் ஆடுகிறது. ஓடிப் பழகினால் அடங்கிவிடும் என்று ஏரிக்குள் இறக்கினேன். நடு ஏரியில் பெல்ட் நார் நாராகக் கிழிந்து நின்றது. மாற்றுப் பெல்ட் இல்லை. போன் குளிரில் அணைந்துவிட்டது.

நடந்தேன். வெளிச்சம் இருந்தது. அதை மட்டும் நல்லதாக எடுத்துக்கொள். வெண்மை தவிர ஒன்றுமில்லாத இடத்தில் நடக்கும்போது, நடக்கிறோமா என்றே சந்தேகம் வருகிறது. கால் அசைகிறது. கரை அசையவில்லை. உன்மேல் கோபமாக இருந்தேன். கோபம் சூடாக இருந்தது. அது இல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

இல்லாத ஷூவைத் தேடச் சொன்னது நீ.

ராஜா


16 டிசம்பர் 2024

எந்த மூடியைத் திறந்தாய்?

இன்ஜின் தண்டோடு சேர்ந்து சுற்றுமே, முன்பக்கப் புல்லி, அதையா? அதை யார் கிளட்ச் என்று உனக்குச் சொன்னது? எந்த ஊரில் அது கிளட்ச்? நான்கு வருடம் ஒரே வகுப்பில் உட்கார்ந்து மெக்கானிக்கல் படித்தோம். அதற்குப் பிறகு என் ஷெட்டில் மூன்று மாதம் கிரீஸைப் பூசிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். முன்னால் இருப்பது வேரியேட்டர். பின்சக்கரத்துப் பக்கம் இருப்பது கிளட்ச். ஷூவும் பின்னால்தான். இது உனக்குத் தெரியாதா?

படம் எடுத்து அனுப்பு. மூடி, ஸ்பிரிங், அறுந்த பெல்ட், எல்லாம்.

நடந்து வந்ததை அத்தையிடம் சொல்லவில்லை. உன் அம்மா முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியாது. அதனால் காலையிலிருந்து ஷெட்டிலேயே இருக்கிறேன். மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். "அவன் என்னட்டி எழுதிருக்கான்? ஒன் மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?" வண்டி ரிப்பேர் என்றேன். "வண்டி ரிப்பேருக்கா இந்த மூஞ்சி?"

உதட்டுக்கு என்ன போட்டாய்? தையல் போட்டார்களா? அதை எழுதவே இல்லை. கரை அசையவில்லை என்று எழுதத் தெரிகிறது.

இனி மாற்றுப் பெல்ட் இல்லாமல் ஏரியில் இறங்காதே. பெட்ரோல் இருக்கிறதோ இல்லையோ, பெல்ட் இருக்க வேண்டும்.


19 டிசம்பர் 2024

வேல்விழி,

இரண்டு தையல். மருத்துவ நிலையத்தில் போட்டார்கள். சிரிக்க வேண்டாம் என்றார்கள். சிரமம் இல்லை.

படங்கள் இணைத்திருக்கிறேன்.

இங்கே எல்லாரும் அதைத்தான் கிளட்ச் என்கிறார்கள். முன்னால் இருப்பது பிரைமரி கிளட்ச். பின்னால் இருப்பது செகண்டரி கிளட்ச். இரண்டும் கிளட்ச்தான். ஷூ என்ற சாமானே இந்த வண்டியில் கிடையாது. முன்னால் இருக்கும் புல்லி விரிந்து நின்றால் பெல்ட் சும்மா கிடக்கும். வேகம் கூடக் கூடச் சுருங்கிப் பெல்ட்டைக் கவ்வும். அந்தக் கவ்வல்தான் கிளட்ச்.

முதல் கடிதத்தில் கிளட்ச் என்று எழுதியபோது நான் இந்த ஊர்க்காரனாக எழுதியிருக்கிறேன். நீ அந்த ஊர்க்காரியாகப் படித்திருக்கிறாய். சொல் மாறியது எனக்கே தெரியவில்லை. எப்போது மாறியது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். கடைக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசி. அல்லது யாரோடும் பேசாமல்.

நீ கேட்டதற்குப் பதில். பிளக்: இடது பக்கத்தது பிரவுன். வலது பக்கத்தது வெள்ளை, சுண்ணாம்பு மாதிரி. கையை எடுத்ததும் சத்தம் உடனே இறங்கவில்லை. மேலேயே நின்றுகொண்டு, யோசித்து, பிறகுதான் இறங்குகிறது. பெட்ரோல் புதியது.

இதை முதலிலேயே பார்த்திருக்கலாம். தெரியும். எழுத வேண்டாம்.

ராஜா


22 டிசம்பர் 2024

ராஜா,

எழுதவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியின் விளிம்பில் ஒரு X பொறித்திருக்கிறது. உள்புறத்துப் புல்லியிலும் ஒரு X. இரண்டும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். நீ எப்படியோ வைத்து மூடியிருக்கிறாய். அதனால்தான் உதறல், அதனால்தான் பெல்ட் போனது. சிஹாபுதீனை மூடியை இரண்டு கையாலும் அழுத்தச் சொல். போல்ட்டுகளை ஒரேயடியாக முறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. முகத்தை அதற்கு நேரே வைக்காதே.

கிளட்ச் விஷயத்தில் என் தப்பும் இருக்கிறது. பார்க்காத வண்டிக்குள் மூன்று ஷூ இருப்பதாக நானே நினைத்துக்கொண்டேன். எல்லா வண்டியும் இந்த ரோட்டில் ஓடுகிற வண்டி என்று நினைப்பு.

இன்னொரு சொல்லும் இப்படிப் போயிருக்கிறது. நவம்பரில் போனில் 'வீட்டுக்கு வந்துட்டா எல்லாம் சரியாயிரும்' என்றாய். மே மாதம் உன் ஒப்பந்தம் முடிந்து நீ இங்கே வருவதைச் சொல்கிறாய் என்று நினைத்து, அத்தையைக் கூப்பிட்டுச் சொல்லப் போய்விட்டேன். அதற்குள் நீ ஜன்னல், ஏரி என்று ஆரம்பித்தாய். உன் வீடு அங்கே இருந்தது. அங்கிருந்துதான் சண்டை ஆரம்பித்தது. ஸ்பேனர் பிறகு வந்தது.

வண்டிக்கு வருகிறேன். உன் கிளட்ச்சில் கோளாறு இல்லை, நீ கெடுத்ததைத் தவிர. ஒரு பிளக் மட்டும் வெள்ளையாக இருந்தால் அந்தச் சிலிண்டர் எங்கேயோ ஏர் இழுக்கிறது. கார்பரேட்டர் வழியாக வராத காற்று உள்ளே போகிறது. பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் சூடாகிறது, ஐடில் ஏறுகிறது, இறங்க மறுக்கிறது. ஐடில் இறங்காததால் முன்புல்லி பெல்ட்டைக் கவ்விக்கொண்டே இருக்கிறது. அதுதான் நீ ரேஸ் கொடுக்காமலே நகருவது. இப்படியே ஓட்டினால் வலது பிஸ்டன் உருகும்.

கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு கனமான ரப்பர் இருக்கும். வலது பக்கத்து ரப்பரைச் சுற்றி, இன்ஜின் ஓடும்போது, கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரேயைக் கொஞ்சமாக அடி. சைலன்சர் பக்கம் போகாமல். இங்கே சிலர் பெட்ரோலை ஊற்றிப் பார்ப்பார்கள். நீ அதைச் செய்யாதே. அடிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறினால் வெடிப்பு அங்கேதான். மாறாவிட்டால் எனக்கு எழுது. கழற்றாதே. எழுது.

நான் வருவதைப் பற்றி. பொங்கல் முடியட்டும், சொல்கிறேன். மார்கழி முழுக்கப் பூ வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. யோசிக்க முடியவில்லை என்பதைவிட, யோசிக்கப் பயமாக இருக்கிறது என்று சொல்லலாம். பொங்கல் முடியும் வரை நீயும் எதுவும் செய்யாதே.

வேல்விழி


11 ஜனவரி 2025

வேல்விழி,

ஓடுகிறது.

மூடியை X பார்த்து வைத்தோம். சிஹாபுதீன் அழுத்தினான். "மாப்ள, இது பிரசவம் மாதிரில்லா இருக்கு" என்றான். உதறல் போய்விட்டது. புதுப் பெல்ட் போட்டோம். நகருவது மட்டும் அப்படியே இருந்தது. நீ சொன்னபடி ஸ்பிரே. வலது ரப்பரின் அடிப்பக்கம் அடித்ததும் இன்ஜின் ஒரு மூச்சு தடுமாறியது. வளைத்துப் பார்த்தால், மேலே நல்ல ரப்பர், கீழே நகக்கீறல் போல வரிசையாக வெடிப்புகள். மேலிருந்து பார்த்தால் ஒருபோதும் தெரியாது.

புது ரப்பர் விமானத்தில் வருவதற்குள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, புயல். வந்தது. மாட்டினேன். பிளக் மாற்றினேன். ஸ்டார்ட் செய்து கையை எடுத்தேன். சத்தம் இறங்கியது. வண்டி நின்ற இடத்தில் நின்றது.

அது நிற்பதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நகராத ஒன்றைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது இல்லை. உன்னிடம் போனில் சொல்ல வேண்டும்போல இருந்தது. எழுதுகிறேன்.

ஏரியை மூன்று தடவை கடந்துவிட்டேன். வீட்டில் அடுப்பு பற்றுகிறது. கட்டில் வந்துவிட்டது. பிப்ரவரி இருபதுக்கு டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். வின்னிபெக் வரை நீ, அங்கிருந்து சின்ன விமானம். நான் வண்டியோடு நிற்பேன்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் தாள் வந்திருக்கிறது. மே மாதத்துக்குப் பிறகும் இருப்பதற்கு. ஒரு வருடத்துக்கும் போடலாம், மூன்று வருடத்துக்கும் போடலாம். மூன்று போட்டால் வீட்டுக்கு வாடகை கிடையாது. ஜனவரி முடிய நேரம் கொடுத்திருக்கிறார்கள். உன் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.

நன்றி என்று எழுதினால் நீ ஏதாவது சொல்வாய். ஆனாலும்.

ராஜா


16 ஜனவரி 2025

ராஜா,

வண்டி நின்றது நல்லது.

பொங்கல் முடிந்தது. நான் வரவில்லை.

இதை மேலே எழுதிவிட்டால் கீழே எழுதுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

உன் கடிதங்களை எல்லாம் திரும்பப் படித்தேன். வண்டியின் ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறாய். அங்கே நான் என்ன செய்வேன் என்று ஒரு வரி இல்லை. ஜன்னலில் நிற்கிறேன். நீ புள்ளியாக வருகிறாய். அவ்வளவுதான். நீ கடைக்குப் போன பிறகு அந்த ஜன்னலில் நிற்கிறவள் என்ன செய்வாள், ராஜா? ஏரியைக் கடக்க ஒரே வண்டி. அதில் நீ போயிருப்பாய்.

உன்மேல் பழி போடவில்லை. நீ யோசிக்காமல் விட்டாய் என்றுகூட நினைக்கவில்லை. யோசித்துப் பார்த்து, எழுத ஒன்றும் கிடைக்காமல் விட்டிருப்பாய்.

இங்கே காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஏற்கெனவே யாராவது நிற்கிறார்கள். நேற்று மேலநீலிதநல்லூர் ஸ்கூலில் வேலை பார்க்கும் ஜெஸ்லின் டீச்சர். "வேலு, இத நீ பாத்தாத்தான் நான் ஏறுவேன். வேற யாருட்டயும் விடமாட்டேன்" என்கிறார். அது பெரிய விஷயம் இல்லை. எனக்குப் பெரிய விஷயம். ஆரம்பித்தபோது ஒரு பொம்பளை கையில் வண்டியைக் கொடுக்க மாட்டோம் என்று திருப்பி எடுத்துப் போனவர்கள் உனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தவன் நீ. அவர்களில் பாதிப்பேர் இப்போது வருகிறார்கள். அதை மூடிவிட்டு வா என்று நீ சொல்லும்போது, ஷட்டரை இறக்குவது பற்றிச் சொல்கிறாய். நான் அந்தப் பாதிப்பேரைப் பற்றி நினைக்கிறேன்.

அதனால் கேட்கிறேன். கட்டளை இல்லை, கேட்கிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. மே மாதம் முடித்துக்கொண்டு வா. இங்கே வந்து நீ என்ன செய்வாய் என்று எனக்கும் எழுதத் தெரியவில்லை. ஷெட்டில் உட்காரச் சொல்ல மாட்டேன். திருநெல்வேலியிலோ மதுரையிலோ வேலை தேடலாம். ஆறு மாதம் தேட வேண்டியிருக்கும். தேடும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

போடத்தான் வேண்டும் என்றால், போடுவதற்கு முன் எனக்குச் சொல். சண்டை போட்டாவது முடிவு செய்வோம். இரண்டு பேர் முடிவு.

வேல்விழி


24 ஜனவரி 2025

வேல்விழி,

உன் கடிதம் வந்தது. படித்தேன். அதைப் பற்றி விவரமாக எழுத வேண்டும். எழுதுகிறேன்.

அதற்கு முன் வண்டியில் ஒரு கோளாறு. நேற்றிலிருந்து கூலண்ட் ஒழுகுகிறது. இன்ஜினுக்குக் கீழே பச்சையாகச் சொட்டுகிறது. பெரிய ஒழுகல் இல்லை. ஆனால் தொடர்ந்து. ஹோஸ் போயிருக்குமா, பம்ப் சீலா? முதலில் எதைப் பார்க்க வேண்டும்? இந்தத் தடவை நீ சொல்லும் வரை எதையும் தொடப் போவதில்லை. எவ்வளவு விவரம் வேண்டுமோ கேள். எழுதுகிறேன்.

இங்கே குளிர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. உதட்டுத் தையல் ஆறிவிட்டது. சிஹாபுதீன் உன்னை விசாரித்தான்.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

ராஜா


25 ஜனவரி 2025

ராஜா,

நீ அனுப்பிய படத்தில் இன்ஜினின் பக்கவாட்டில் தகரக் கூண்டும் அதற்குள் ஃபேனும் இருக்கிறது. சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக இருக்கிறது. காற்றில் குளிரும் இன்ஜின். அதில் ரேடியேட்டர் கிடையாது, பம்ப் கிடையாது, ஹோஸ் கிடையாது. கூலண்ட் ஊற்ற இடமே கிடையாது.

காலையில் படித்தபோது நீ எதையோ தப்பாகப் பார்த்திருக்கிறாய் என்று நினைத்தேன். பிரேக் ஆயிலாக இருக்குமோ என்று அரைப் பக்கம் எழுதிவிட்டேன். அண்ணாச்சியின் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினேன். பிறகுதான் 'இந்தத் தடவை நீ சொல்லும் வரை எதையும் தொடப் போவதில்லை' என்பதைத் திரும்பப் படித்தேன். நீ அப்படி எழுதுகிற ஆள் இல்லை. அரைப் பக்கத்தை அழித்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டாயா?

வேல்விழி


25 ஜனவரி 2025

வேல்விழி,

போட்டுவிட்டேன்.

பதினைந்தாம் தேதி. உன் கடிதம் வந்தது பதினாறு. ஜனவரி முடிய நேரம் இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நீ சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகச் சரியாக வந்துகொண்டிருந்தது. இவ்வளவு சரியாக வந்தபிறகு நீ வராமல் இருக்க மாட்டாய் என்று தோன்றியது. அந்த எண்ணத்தில் அலுவலகத்துக்குள் போனேன். பேனா அவர்களுடையது. யாரும் அவசரப்படுத்தவில்லை. சிஹாபுதீன்கூட, "அவ பதில் வரட்டுமே வே" என்றான்.

மறுநாள் உன் கடிதத்தைக் கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். 'போடுவதற்கு முன்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கடையைத் திறந்து விற்றேன். சாயங்காலம் ஏரியைக் கடந்தேன். வண்டி நன்றாக ஓடியது. அந்த வீட்டில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

உண்மையை எழுத ஒன்பது கடிதம் ஆரம்பித்தேன். எல்லாம் தத்துவமாக வந்தது. தூரம், பனி, சொல், அர்த்தம். நீ அதைப் படித்தால் என்ன சொல்வாய் என்று தெரியும். பிறகு கூலண்ட் என்று எழுதினேன். ஏதாவது ஒழுகினால் நீ பதில் எழுதுவாய். அந்தப் பதில் வரும் வரை நான் போட்டது உனக்குத் தெரியாது. அந்த இடைவெளி வேண்டியிருந்தது.

தாளைத் திரும்பக் கேட்டேன். வின்னிபெக்குக்குப் போய்விட்டது என்றார்கள்.

என்ன செய்வது என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும். கேட்க வாய் இல்லை.

ராஜா


26 ஜனவரி 2025

ராஜா,

அத்தை கேட்கிறார். "மே மாசம் வந்திருவாம்லாட்டி? மாடி ரூமுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லணும்." அடுப்படியிலிருந்து கேட்கிறார். போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. பேனா யாருடையது என்றுகூட இருக்கிறது. எது தெரிய வேண்டுமோ அது இல்லை.

ஒரு வருடத்துக்கா, மூன்று வருடத்துக்கா?

அதை மட்டும் எழுது. அத்தையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

வேல்விழி